முதலில் சாயம்

நான் இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டவள். அதை மறைத்து யாரும் என்னைக் கட்டிக்கொடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குத் தோட்டத்தில் தேயிலைப் பெட்டி அடிக்கிற வேலை, தன்மையான மனுஷன், முதல் சம்சாரம் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் தவறிவிட்டாள், பிள்ளைகுட்டி கிடையாது என்று பெண் கேட்டு வந்தவர்கள் சொன்னார்கள். மாப்பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினார். அப்பா கண்டியில் ஒரு கடையில் துணிகளுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார். எங்கள் சனத்துக்கு ஓட்டுரிமையும் போய், இலங்கையிலேயே இருப்பதா இந்தியாவுக்குத் திரும்புவதா என்று தெரியாமல் எல்லாரும் முழித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நாலு பெண்களைப் பெற்றவருக்கு, வந்த மாப்பிள்ளை சாராயம் தொடாதவர் என்பதே போதுமாக இருந்தது.

வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கி, தோட்டத்து லொறியின் பின்னால் ஏறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் பனிமூட்டம். எனக்கு மலை தெரியவில்லை, பள்ளம் தெரியவில்லை, புருஷன் முகமே சரியாகத் தெரியவில்லை. எங்களுக்கு விட்ட ஒற்றை அறைக் காம்பராவுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது கட்டில்தான்.

லயத்தில் கட்டில் என்பது பெரிய விஷயம். மற்ற வீடுகளில் சாக்கும் கம்பளியும்தான். நானும் பெருமைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அது எண்ணெயோ வார்னிஷோ காணாத பச்சை மரம். தேயிலைக்கு நடுவில் நிழலுக்கு நிற்கும், அங்கே சவுக்கு என்று சொல்கிற மரத்தில் செய்தது. புகை பிடித்துக் கறுத்த அந்த அறையில் அது மட்டும் வெளேரென்று கிடந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. பாடையும் பச்சை மரத்தில்தான் கட்டுகிறார்கள் என்ற நினைப்பு வந்தது, வந்த அன்றைக்கே வாயைக் கொடுக்க வேண்டாமென்று அடக்கிக்கொண்டேன்.

சில நாள் கழித்து இன்னொன்றும் தெரிந்தது. கட்டிலின் சட்டமும் காலும் ஒரு வயசு, நடுவில் போட்டிருந்த பலகைகள் வேறு வயசு. பலகைகள் புதிது.

"பலகைய ஏங்க மாத்துனீங்க?"

"உளுத்துப் போச்சு."

சட்டத்தில் ஓர் உளுவும் இல்லை. ஒரே மரத்தில் நடுப்பலகையை மட்டும் தேடிப் போய் உளுக்கிற பூச்சியை நான் கேள்விப்பட்டதில்லை. கேட்டால் இவர் பேசமாட்டார். எதற்கும் பேசமாட்டார். தேயிலை ஆலையை அங்கே ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் நாள் முழுக்க ஆணி அடித்து அடித்து, அந்தச் சத்தத்திலேயே தன் பேச்சையும் செலவழித்துவிட்டு வருகிறார் என்று நான் கேலி செய்வேன். அதற்கும் ஒரு சிரிப்புதான் பதில்.

பெரட்டு என்கிற காலைக் கணக்கெடுப்பில், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் நானும் பேர் பதிந்து கொழுந்து பறிக்கப் போனேன். கண்டிக்காரி என்று மற்றப் பெண்கள் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் என் விரல்களும் அவர்களுடையதைப் போலவே கறுத்தன. கொழுந்தின் கறை அப்படி. சும்மா கழுவினால் போகாது. சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தால் கொஞ்சம் விடும். அந்தக் கையால் கத்தியைத் தொட்டால் தொட்ட இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். இரும்பும் தேயிலையும் சேர்ந்தால் கறுப்பு. சாயக்காரன் மகளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வயிற்றில் ஆறு மாதம் ஆனபோது எனக்குக் கட்டிலைக் கறுப்பாக்கும் ஆசை முற்றிவிட்டது. பிள்ளை பிறந்து இந்தப் பாடைக்கட்டையிலா படுக்கும்? இவரிடம் நச்சரித்தேன். இவரும் கடைசியில் இறங்கி வந்தார். ஒரு பழைய டின்னில் துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு வினாகிரி ஊற்றி மூடி வைத்தார். ஒரு வாரத்தில் அது கலங்கிச் செம்மண் தண்ணீராக நாறியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சட்டி நிறையத் தேயிலைத் தூளைக் கொட்டிக் குழம்பாகக் காய்ச்சி இறக்கினார். இரண்டையும் வாசலில் வைத்தார். கொழுந்து குவிந்துகொண்டிருந்த காலம், ஸ்டோருக்கு ஞாயிறும் கிடையாது. போகிற அவசரத்தில் சொன்னார்:

"மொதல்ல ரெண்டு தடவ சாயத்தப் போடு புள்ள. நல்லாக் காயட்டும். பொறகு அடுத்தத அடி."

இங்கேதான் பிசகியது. எங்கள் வீட்டில் சாயம் என்றால் துணியின் நிறத்தை மாற்றுகிறது. ஆணியும் புளிப்பும் ஊறிய அந்த மாதிரித் துருத் தண்ணீரை அப்பாவின் கடையில் நான் பார்த்திருக்கிறேன், அதற்குப் பேர் சாயம். லயத்திலோ சாயம் என்றால் குடிக்கிற தேயிலைச் சாறு. பால் விடாத தேத்தண்ணீரை அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். "சாயம் வச்சிருக்கேன், குடிச்சிட்டுப் போ" என்று எத்தனை தடவை என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆனாலும் மரத்துக்கு என்றதும் என் புத்தி கண்டிக்குப் போய்விட்டது. துருத் தண்ணீர்தான் சாயம், தேயிலைச் சாறு அதற்கு மேலே கடைசியில் பூசுகிறது என்று எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாத சாயமா என்ற மிதப்பு வேறு.

கட்டிலை வாசல் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போட்டேன். பக்கத்துக் காம்பரா அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள். லயமே வெறிச்சோடிக் கிடந்தது. பனி தாழ்வாரம் வரை வந்து நின்றது, எதிர் லயம் தெரியவில்லை. துணியைத் துருத் தண்ணீரில் நனைத்துத் தலைமாட்டிலிருந்து தேய்த்துக்கொண்டே வந்தேன். மரம் லேசாகச் சாம்பல் பூத்தது. இவ்வளவுதானா என்று அலுப்பாக இருந்தது. கால்மாடு வரைக்கும் தேய்த்து முடித்து, நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன்.

வலது பக்கச் சட்டத்தில் ஒரு கை இருந்தது.

கைதான். நாலு விரல், உள்ளங்கையின் மேடு எல்லாம் தெரிந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கறுத்துக்கொண்டு வந்தது. முதலில் பழுப்பு, பிறகு நீலம் கலந்த கறுப்பு. ஈரக் கையால் நானே தொட்டுவிட்டேன் என்று நினைத்தேன். என் கையை மேலே வைத்துப் பார்த்தேன். என் கை சின்னது. அந்தக் கையின் விரல்கள் என் விரலுக்கு அப்பாலும் நீண்டிருந்தன. சட்டென்று கையை எடுத்துக்கொண்டேன்.

இடது பக்கச் சட்டத்திலும் இருந்தது. அதே உயரத்தில், அதே கையின் ஜோடி.

ஓடிவிடத்தான் நினைத்தேன். யாரிடம் ஓடுவது? வாசலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெள்ளைதான். என் சுபாவம் ஒரு மாதிரி. பயம் வந்தால் கோபமும் சேர்ந்து வரும். என்னதான் இது என்று குனிந்து பார்த்தேன். ஒரு கை இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பல கைகள். ஒருத்தி பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விட்டிருக்கிறாள். பெருவிரல்கள் எல்லாம் சட்டத்தின் உள்பக்கம். நாலு விரல்களும் வெளிப்பக்கம். கட்டிலை வெளியே நின்று தூக்குகிறவருக்குப் பெருவிரல் வெளியில் விழும். இது உள்ளே படுத்திருந்தவளின் கை. நகம் பதிந்த இடங்களில் கோடு கோடாகக் கூடுதல் கறுப்பு.

காய்ச்சல்காரி கட்டிலை இப்படிப் பிடிக்கமாட்டாள். காய்ச்சல் விட்டு விட்டு இறுக்காது. விட்டு விட்டு இறுக்குகிற வலி எது என்று, வயிற்றில் ஆறு மாதத்தைச் சுமந்துகொண்டு நின்ற எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கால்மாட்டுச் சட்டத்திலும் ஒன்று கிளம்பியிருந்தது. அது ஆண்பிள்ளைக் கை, பெரியது. இடது கை. அதில் ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றுவிட்டது. பெட்டிக்குத் தகரம் வெட்டும்போது என் புருஷனுக்குத் துண்டாகிப் போன விரல் அதுதான். அவர் அங்கே நின்றிருக்கிறார். ஸ்டோர்த் தூள் ஒட்டிய கையோடு, வியர்வையோடு, கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு, பார்த்துக்கொண்டு.

எனக்குச் சந்தேகம் தீரவில்லை. தீர்ந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. விறகுக்கு வைத்திருந்த ஒரு பலகைத் துண்டை எடுத்து, சாம்பல் போட்டுக் கழுவிய என் கையை அழுத்தினேன். பிறகு வீட்டு ஓரத்துத் தேயிலைச் செடியில் ஒரு பிடி கொழுந்தைக் கிள்ளிக் கசக்கி, அதே கையை இன்னோர் இடத்தில் அழுத்தினேன். துருத் தண்ணீரைத் தடவினேன். கழுவிய கை தெரியவே இல்லை. கொழுந்துக் கை மெல்ல மெல்ல எழுந்து வந்தது.

அப்படியென்றால் அவள் மலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். கையைக்கூடக் கழுவ நேரமில்லாமல்.

அக்கா கோயிலிலிருந்து வந்தபோது நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். கட்டிலைப் பார்த்தாள். கையிலிருந்த விபூதியை அப்படியே தன் நெஞ்சில் அப்பிக்கொண்டாள்.

"யாரு தங்கச்சி இதக் கெளப்புனது?"

"நான்தான். சொல்லுங்கக்கா. சொல்லாம உள்ள போகக்கூடாது நீங்க."

அக்கா சொன்னாள். சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இதே மாதிரி கொழுந்து கொட்டுற நேரம். நெறமாசம், பெரட்டுக்கு வராதன்னு நான் சொன்னேன், கேக்கல. பேரு போட்டுட்டுப் பறிக்கப் போயிட்டா. மலையிலயே வலி வந்திருச்சு. கூடையோடதான் எறங்கி வந்தா. புள்ள பெத்தவ தரையில படுக்கக்கூடாதுன்னு இவரு அப்பதான் கட்டில அடிச்சு நிறுத்தியிருந்தாரு. புள்ள குறுக்கால கெடந்துச்சு. மருத்துவச்சி பாத்துட்டு, என்னால ஆகாது, டவுனுக்குக் கொண்டுபோங்கன்னுட்டா. இவரு ஸ்டோருக்கு ஓடுனாரு. லொறி பெட்டி ஏத்தி நின்னுச்சு. கண்டாக்கையா, பெட்டி ரயிலுக்குப் போகணும், எறக்கிட்டு வந்து பாத்துக்கலாம்னாரு. சரிங்கய்யான்னு திரும்பி வந்துட்டாரு. வந்து அந்தா, அந்தக் கால்மாட்டப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. லொறி வரவே இல்ல. வந்தப்போ லொறிக்கு வேல இல்ல."

"புள்ள?"

"ரெண்டும் போச்சு. பலகையெல்லாம் ரத்தம், பொறகு இவருதான் மாத்துனாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல யாரும்?"

"மாசமா இருக்குறவகிட்ட யாரு சொல்லுவா? புள்ளத்தாச்சியாப் போனவளப் பத்திப் பேசவே கூடாதுன்னு வச்சிருக்கோம். கல்லு மட்டும் நட்டோம்."

"என்ன கல்லு?"

"கொழுந்து நிறுக்குற எடத்துல சுமதாங்கி இல்ல? அது அவளுக்குத்தான்."

வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவளுக்காகச் சுமைதாங்கி நடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கல் யாருக்காக என்று நான் கேட்டதே இல்லை. தினமும் முதுகுக் கூடையை அதன்மேல் இறக்கி வைத்து, ஆசுவாசமாக மூச்சு விட்டிருக்கிறேன். நான் அப்படி இறக்கும்போதெல்லாம் சுற்றியிருந்த பெண்கள் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்துவார்கள். கண்டிக்காரிக்குக் கூடை இறக்கத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள் போல என்று நினைத்திருந்தேன்.

இவர் சாயங்காலம் வந்தார். தாழ்வாரத்தில் கட்டிலைக் கண்டதும் நின்றுவிட்டார். கைகள் அதற்குள் நன்றாகக் கறுத்துவிட்டிருந்தன. கால்மாட்டில் பதிந்திருந்த தன் கையையும் பார்த்தார்.

"சாயத்த மொதல்ல போடச் சொன்னேனே" என்றார்.

அவ்வளவுதான். தேயிலைச் சாற்றை முதலில் முழுக்கப் பூசியிருந்தால் கட்டில் மொத்தமும் ஒரே கறுப்பாகியிருக்கும். ஒரு கையும் தனியாகத் தெரிந்திருக்காது. இவர் தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா, வழக்கமான முறையைச் சொன்னாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எனக்கு ஆத்திரம் வந்தது. பயத்தில் வந்த ஆத்திரம்தான். "காய்ச்சல்னு சொன்னீங்களே. எனக்கு வலி வந்தா என்ன பண்ணுவீங்க? சரிங்கய்யான்னு வந்து கால்மாட்டுல நிப்பீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர், மலைத் தண்ணீர் பீலிக் குழாயில் விழுகிற இடத்துக்குப் போய்த் தூறலில் உட்கார்ந்துகொண்டார். நான் போய்க் கூப்பிடவில்லை.

அடுத்த நாள் தேயிலைச் சாற்றை அவரே பூசிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். சட்டி அங்கேயே இருந்து பூசணம் பூத்தது. அவரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. வெளியில் கிடந்தால் ஊரெல்லாம் பார்க்கும் என்று உள்ளே இழுத்துப் போட்டோம். கொஞ்ச நாள் தரையில் படுத்தேன். ஈரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் மறுபடி அதிலேயே ஏறிப் படுத்தேன். இரு பக்கமும் சட்டத்தைத் தொடாமல், கைகளை வயிற்றின் மேல் கட்டிக்கொண்டு படுப்பேன்.

ஒன்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. பனி அடர்ந்த காலைகளில் கட்டிலின் மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்கும். அந்தக் கைகள் மட்டும் ஈரம் கோத்து மினுங்கும். இரும்புத் தண்ணீர் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கிறது என்று சாயக்காரன் மகளாகக் காரணம் சொல்லிக்கொள்வேன். காரணம் சொல்லிக்கொண்டே முந்தானையால் அவற்றைத் துடைப்பேன். வியர்த்தவளின் கையைத் துடைக்கிற மாதிரிதான் துடைத்தேன். முதலில் இருந்த பயம் அப்படியே இருந்தது. அதற்குள் வேறு ஏதோ ஒன்றும் வந்து உட்கார்ந்துவிட்டது. அவள் என்னை வீட்டைவிட்டு விரட்டவில்லை. நாள் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறாள் என்று எனக்குப் பட்டது.

மாதம் நெருங்கியதும் முன்கூட்டியே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவது என்று நானே முடிவு செய்து துணிமூட்டை கட்டி வைத்தேன். இவர் மூட்டையைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனார். நான் குறித்த நாளுக்கு முந்தியே ஒரு முற்பகலில், அடுப்படியில் நின்றபோது பனிக்குடம் உடைந்தது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவினாள். கையை எடுத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. எனக்கு உயிர் போய்விட்டது.

"என்னக் கட்டில்ல போடாதீங்க" என்று கத்தினேன். "ஸ்டோருக்குக் கொண்டு போங்க."

கம்பளியில் தொட்டில் கட்டி இரண்டு ஆண்கள் என்னைத் தூக்கினார்கள். தூறலும் பனியுமாக இருந்தது. கம்பளிக்குள்ளிருந்து பார்த்தால் வானமும் தெரியவில்லை, தூக்குகிறவர்களின் முதுகும் தெரியவில்லை, கால் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு லொறி எஞ்சின் உறுமுவது கேட்டது. அவர்கள் என்னை ஸ்டோர் வாசலில் இறக்கினார்கள்.

லொறியில் பெட்டிகள் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. கண்டாக்கையா குடையின் கீழ் நின்றிருந்தார். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்லமாட்டேன். என்னைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"ரயிலுக்கு நேரமாச்சு. ஓடிப்போயி எறக்கிட்டு ஒடனே வந்துருவான்" என்றார்.

இவர் உள்ளேயிருந்து வந்தார். காதில் பென்சில், கையில் சுத்தியல். என்னைப் பார்த்தார். கண்டாக்கையாவைப் பார்த்தார். சரிங்கய்யா என்று வரப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தடாரென்று சத்தம் கேட்டது. திறந்து பார்த்தால் இவர் லொறியின் மேலே நிற்கிறார். கயிற்றை அறுத்துவிட்டு, தான் அடித்த பெட்டியைத் தானே தூக்கிக் கீழே போடுகிறார். ஒன்று, இன்னொன்று. தேயிலைப் பெட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று ஈயத்தாளை ஓரம் ஓரமாக நீவி அடிக்கிற மனுஷன். அந்தப் பெட்டிகள் தூறலில், சேற்றில் உருண்டன. ஒரு பெட்டி மூலை பிளந்து தேயிலை கொட்டியது. மழை அதன் மேல் விழுந்து சிவப்பாக ஓடத் தொடங்கியது.

"டேய், பைத்தியமாடா ஒனக்கு? தொரைக்கு யாருடா பதில் சொல்றது?" என்று கண்டாக்கையா கத்தினார்.

இவர், லொறியில் நான் படுக்கிற அளவுக்கு இடமாகும் வரைக்கும் பெட்டிகளைத் தள்ளிவிட்டார். இறங்கி வந்து என்னைத் தூக்கிக்கொண்டார். டிரைவர் கண்டாக்கையாவின் முகத்தைப் பார்க்காமல் கியரைப் போட்டார். அதற்காக இவரைப் பெட்டி வேலையிலிருந்து நிறுத்தி, மழைத் தண்ணீர் ஓடுகிற கான் வெட்ட மலைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஸ்டோருக்குள் அவரை விடவே இல்லை.

வழி முழுக்க அவர் என் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் பிடித்துக்கொள்ள அங்கே மரச்சட்டம் ஒன்றும் இல்லை. அவர் கையைப் பிடித்தேன். வலி வந்தபோதெல்லாம் இறுக்கினேன், விட்டேன், மறுபடி இறுக்கினேன். நகம் பதிந்திருக்கும். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. நான் பிழைத்தேன், அவளும் பிழைத்தாள்.

அடுத்த நாள் காலையில் தாதி ஒருத்தி வந்து விவரம் கேட்டாள். சிங்களப் பெண், தமிழ் பேசினாள். எனக்குப் பேச நா எழவில்லை. இவர் கட்டிலின் தலைமாட்டில், என் பக்கத்தில் நின்றிருந்தார். ஊர், வயது எல்லாம் கேட்டுவிட்டு, "இது முதல் பிள்ளையா?" என்று இவரிடம் கேட்டாள்.

நான் ஆமாம் என்று தலையசைக்கப் போனேன்.

"இல்லைங்க" என்றார் அவர். "எனக்கு ரெண்டாவதுங்க."